முழுகாத மூன்று மாதம்

டீச்சர்,

இன்று காலை கூடம் முழுக்க டெட்டால் வாசனை. தாதிப் படிப்புப் படிக்கும் என் பேத்தி நான்கு தோழிகளோடு வந்து, "பாட்டி, நீங்கதான் பேஷண்ட். படுங்க லா" என்றாள். படுத்ததும் உங்கள் ஞாபகம். நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது.

எழுபதுகளில், ஈப்போவில் நீங்கள் பாடம் சொன்ன தாதிப் பள்ளியில் நான் தரை துடைத்தேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் கரும்பலகையை விட்டுவிட்டு, பெண்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, நடுவில் கட்டிலில் என்னைப் படுக்க வைப்பீர்கள். "இண்டைக்கு உமக்கு வயித்துவலி" என்று உங்கள் யாழ்ப்பாணத் தமிழில் காதில் சொல்வீர்கள். என்ன நோவு என்று அவர்களே கேட்டு, தங்களுக்குள் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் அப்படிப் படுத்தபோது எனக்கு உண்மையாகவே ஒன்று இருந்தது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று, வாயைத் திறக்காமல் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். மாணவி சாந்தி, "வேற என்னக்கா செய்யுது?" என்று அக்கறையாகக் கேட்டதும் வாய் தவறிவிட்டது.

"மூணு மாசமா முழுகலம்மா."

சாந்தி டவுன் பிள்ளை, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள். மூன்று மாதமாகக் குளிக்கவில்லையாம் என்று மற்றவர்களுக்கு மலாயில் சொல்லிவிட்டாள். சீனப் பெண் மூக்கைப் பொத்தினாள். இன்னொருத்தி ஓடிப்போய் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தாள்!

"அடி போங்கடி, நான் தெனம் ரெண்டு வேளை குளிக்கிறவ லா!"

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. "என்னை ஏன் பாக்கிறியள்? அவவிட்டக் கேளுங்கோ."

அமினா என்ற மலாய்ப் பெண்தான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, முழுகல என்றால் என்ன என்று மலாயில் கேட்டாள். அவள் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாளே வாளியை வாங்கி வைத்துவிட்டு, பஞ்சு உருட்டும் வேலையில் உட்கார வைத்தீர்கள். யாரிடம் என்ன பேசினீர்களோ, வேலை போகவில்லை. அந்தப் பிள்ளைதான் இந்தப் பேத்தியின் அம்மா.

இன்று ஐந்து பேரும் என்னைச் சுற்றி நின்று, எனக்கு என்ன நோவு என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டக் கேளுங்கோ" என்றேன்.

"பாட்டி, இது எங்க புடிச்ச தமிழ் லா?" என்று பேத்தி சிரித்தாள். சிரித்தபடியே கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.