அஞ்சு வரல, மேஸ்திரி

அகரம்தென்
9.7.2025

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை லோகநாயகி அவர்களுக்கு,

ஐந்தாம் வகுப்பு ஜாஸ்மினுடைய அம்மா ரோஸி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். கோபம் மட்டும்தான் கொஞ்சம் அதிகம்.

திங்கட்கிழமை அவள் டைரியில் எழுதியிருந்தீர்கள்: "நாளை தோட்ட வேலை. பழைய துணி போட்டு அனுப்பவும்." படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர், என் அம்மா மண் சுமந்தாள். நானும் பதினைந்து வருஷமாகச் சித்தாள் வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் எழும்பிய எத்தனையோ வீட்டுக்கு என் தலைதான் மண் சுமந்தது. என் பெண்ணாவது நிழலில் உட்கார்ந்து எழுதட்டும் என்றுதான் உங்களிடம் அனுப்பினேன். நேற்று சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் மண்ணோடு வந்து நிற்கிறாள். "இன்னாடி இது?" என்றால், "கணக்குப் பாடம்மா" என்று சிரிக்கிறாள். மண்ணில் என்ன கணக்கு?

வெள்ளிக்கிழமை டி.சி. கொடுத்துவிடுங்கள். சேலையூரில் வேறு பள்ளி பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ரோஸி


10.7.2025

அன்புள்ள ரோஸி அவர்களுக்கு,

வணக்கம். தப்பு என்னுடையது. 'தோட்ட வகுப்பு' என்று எழுதியிருக்க வேண்டும். கை போன போக்கில் 'வேலை' என்று எழுதிவிட்டேன். என் வீட்டில் யாரும் மண் சுமந்ததில்லை. அந்த வார்த்தை உங்கள் வீட்டில் எப்படி விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரும்பலகை முன்னால் ஜாஸ்மின் வாயே திறக்க மாட்டாள். தோட்டத்திலோ அவள் அதட்டல் தாங்கவில்லை! செவ்வாய்க்கிழமை வெண்டைக்குப் பாத்தி போட்டோம். நான் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியதும், "மூலை கோணலாகீது டீச்சர்" என்றாள். மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி என்று சொல்லிக்கொடுத்து, அவளையே அளக்கச் சொன்னேன். நாலே முக்கால்தான் வந்தது. வகுப்பே கைதட்டியது, நானும்தான்.

"அளக்காமலே எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "லீவுல அம்மாகூடப் போவேன்ல, அங்க பாத்துகினேதான் இருப்பேன்" என்றாள்.

டி.சி. தயார். வெள்ளிக்கிழமையும் தோட்டம் உண்டு. வாங்க வரும்போது, காலை பதினோரு மணிக்கு, அவள் கயிறு பிடிப்பதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
லோகநாயகி


அகரம்தென்
14.7.2025

அன்புள்ள டீச்சருக்கு,

வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். வீம்புதான். ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

சனிக்கிழமை வேங்கைவாசலில் புது வீட்டுக்கு அஸ்திவாரம். சேட்டு மேஸ்திரி வழக்கம்போல டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "அசையாம புடி" என்றார். பதினைந்து வருஷமாகப் பிடிக்கிறேன். எதற்கு என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் நாலு. அம்மாடி, இவ்வளவு நாளும் நான் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தானா! குறுக்கே பார்த்தால் ஐந்துக்கு இரண்டு அங்குலம் குறைச்சல்.

"மேஸ்திரி, அஞ்சு வரல" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? கம்முனு புடி."

"மூணு, நாலு, அஞ்சு. நீயே பாரு மேஸ்திரி."

பார்த்தார். முளைக்குச்சியைப் பிடுங்கி மாற்றி அடித்தார். அப்புறம் மெதுவாக, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"எம் பொண்ணு. அஞ்சாங்கிளாஸ்!" என்றேன். பக்கத்து வீட்டுச் சாரத்தின் மேலே நின்றவனுக்கும் கேட்கட்டும் என்று கத்தித்தான் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு பெருமை டீச்சர், அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

டி.சி. வேண்டாம். சேலையூரில் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. டைரியில் 'வகுப்பு' என்று மாற்ற வேண்டாம். 'வேலை' என்றே எழுதுங்கள். என் வேலையிலும் இவ்வளவு கணக்கு இருந்தது எனக்குத்தான் தெரியாமல் போனது.

இந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். பழைய துணி எடுத்து வைத்துவிட்டேன், இரண்டு பேருக்கும்.

ஜாஸ்மினுடைய அம்மா,
ரோஸி