அம்மாவின் கல்லில் உள்ள வரி

அன்பு மகள் வெர்னாவுக்கு, அப்பா இங்கே பர்பேங்கில் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, என்னுடையதுதான். நூலக வகுப்பில் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், ஒரு பக்கம் எழுத முழுக் காலையும் போகிறது, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

போன ஞாயிறு எதிர்வீட்டு ஹில்டாவோடு, அவள் கணவர் இர்விங்கின் வாழ்க்கையை எடுத்திருக்கும் படத்துக்குப் போனேன். கம்யூனிஸ்ட் என்று சொல்லி எந்த சினிமா ஸ்டுடியோவும் படக்கதை எழுதும் அவருக்கு வேலை தராத காலம் வருகிறது. தட்டச்சு செய்யும் ஒருத்தி தன் பெயரைப் போட்டு அவர் கதையை விற்றுத் தருகிறாள். அவளைக் கோமாளியாகக் காட்டினார்கள், கொட்டகையே சிரித்தது. அது உன் அம்மா, வெர்னா. அவள் பெயரில் வந்த 'ஏழாவது படகுத்துறை' படக்கதை இர்விங் எழுதியது. வெளியே தெரிந்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது என்று நாங்கள் யாரிடமும், உன்னிடமும்கூட, மூச்சு விடவில்லை, பிறகு அதுவே பழகிவிட்டது. இர்விங் தன் பெயரைத் திரையில் பார்க்காமலே போய்விட்டார். நாங்கள் பார்த்த இந்தப் புதுப் படம் உன் ஊருக்கும் வரும், அதற்குமுன் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

திரும்பும் வழியில் அம்மாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போனோம். "வயசான காலத்துல பள்ளிக்கூடம் போறியே, எங்க, இதப் படி பாப்போம்" என்று ஹில்டா சீண்டினாள். நானும் பெருமையாக விரல் வைத்துச் சத்தமாகப் படித்தேன். லொரேனா ஸ்ட்ரவுட், 'ஏழாவது படகுத்துறை' படக்கதையை எழுதியவள். நீ கல் வைத்தபோது எனக்குப் படிக்கத் தெரியாது, பெயரும் வருடமும்தான் என்று நினைத்திருந்தேன். ஹில்டா வருடம் தவறாமல் பூவோடு வந்து அதைப் படித்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அழுததும், "அட, விடு ஆர்வில். என் மனுசன் பேர எவனும் வாசல்ல சேக்காதப்ப அவ பேருதானே எங்களுக்குச் சோறு போட்டுச்சு. கல்லுல கை வைக்காத" என்றாள்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் அம்மா, "அவரோடத அவருகிட்டயே குடுத்துரணும்" என்றாள். சினிமா எழுத்தாளர் சங்கம் இப்போது 'ஏழாவது படகுத்துறை'யில் இர்விங் பெயரைப் போட்டுவிட்டது, கல் மட்டும்தான் பாக்கி. நீ ஆசையாக வைத்தது, உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன். அந்த வரியை எடுத்துவிட்டு 'தன் பெயரைக் கொடுத்தவள்' என்று செதுக்கலாமா, மகளே? எழுதியதைவிட அது சின்னது இல்லை.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும். படத்துக்குத் தனியாகப் போகாதே, மாப்பிள்ளையைக் கூட்டிப் போ, கொட்டகையில் எல்லோரும் சிரிக்கும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

உன் அப்பா,
ஆர்வில் ஸ்ட்ரவுட்