கட்டாயம் ஒன்றும் இல்லை

ஜூன் 4

காலையில் கூட்டம். சுகாதார நிலையத்தின் பின்னறை. ஒரே மின்விசிறி, அதுவும் மேற்பார்வையாளரின் தலைக்கு மேல். அந்தம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சுற்றறிக்கை'. வாயைத் திறந்தால் 'மேற்படி', 'உரிய முறையில்' என்றுதான் வரும். வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் மனு எழுதித்தான் கேட்பார் என்று அண்ணி ஒருமுறை சொன்னாள்.

இன்றைய சேதி: எங்களைப் போலத் தெருத்தெருவாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சான்றிதழ். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு. தேறினால் கழுத்தில் நீலக் கார்டு. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் எழுதலாம். "கட்டாயம் ஒண்ணும் இல்லை" என்று மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

எழுந்து கேட்டேன். கார்டு வந்தால் வேலை நிரந்தரமாகுமா? ஆகாது. உடம்பு சரியில்லை என்றால் விடுப்பு உண்டா? கிடையாது. பிறகு என்னதான் உண்டு? "அங்கீகாரம்" என்றார். வெயிலில் நடப்பவளுக்கு ஒரு குடை கொடுக்க வக்கில்லை. 'இவள் வெயிலில் நடக்கத் தகுதியானவள்' என்று அட்டை மட்டும் கொடுப்பார்களாம்.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் கூடிப் பேசினோம். ஒருத்தியும் பெயர் கொடுப்பதில்லை என்று முடிவு. நான்தான் அதிகம் கத்தினேன். அண்ணி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். என் அண்ணன் மனைவி. இந்த வேலைக்கு என்னை இழுத்து வந்ததே அவள்தான். எங்கள் தெருக்களும் பக்கத்துப் பக்கத்தில்தான். அவ்வளவு நேரம் சரிசெய்ய அந்த வாரில் அப்படி என்ன கோளாறு?

ஜூன் 7

தையல்காரர் வீட்டுக்குப் போனேன். இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. எனக்கு அதுதான் பயம். டிபி மாத்திரை ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். இரண்டாவது மாதமே உடம்பு தேறிவிடும், அப்போதுதான் ஆட்களுக்கு மாத்திரை கசக்கும்.

முதல் நாள் அவர் கதவை விரல் அளவுக்குத்தான் திறந்தார். "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல." விஷயம் வெளியே தெரிந்தால் யாரும் துணி தைக்கக் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். நான் அண்ணியின் வழியைப் பிடித்தேன். நோயின் பெயரை வாசலில் சொல்லக் கூடாது. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்க வேண்டும். தண்ணீர் கேட்டவளை எந்த வீட்டிலும் விரட்ட மாட்டார்கள். உள்ளே போனால் அவருடைய தம்ளர் மட்டும் தனியாக, சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. "அதுலயே குடுங்க" என்றேன். அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். இந்த நோய் காற்றில் வருவது, தம்ளரில் வராது. வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? குடித்துக் காட்டினால் நம்புகிறார்கள். அடுத்த தடவை போனபோது சன்னல் திறந்திருந்தது. தம்ளர் மற்றப் பாத்திரங்களோடு சேர்ந்திருந்தது.

இன்றைக்கு மனிதருக்குக் கிண்டல் வேறு. "நான் மாத்திரைய நிறுத்திட்டா உனக்கு இந்தப் பக்கம் வேலையே இருக்காதுல்ல, தங்கச்சி?"

"நிறுத்திப் பாருங்க. அப்புறம் உங்க வீட்லயேதான் எனக்கு வேலை."

ஜூன் 12

அண்ணி பெயர் கொடுத்துவிட்டாள்.

யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நின்று, "உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு கை கழுவினாள். தினமும் நாலு வீட்டில் கை கழுவச் சொல்லிக்கொடுப்பவள் பாடம் ஒப்பிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்?

எல்லோரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம் என்று பிடித்துக்கொண்டேன்.

"முடிவு பண்ணது நீ. நாங்க தலையாட்டினோம்."

"நம்மள ஏமாத்துறாங்க அண்ணி. அது வெறும் காகிதம்."

"தெரியும்." குழாயை மூடினாள். "இத்தனை வருஷமா என்னை என்னன்னு கூப்பிடுறாங்க? சொட்டு மருந்துக்காரி. மாத்திரைப் பொம்பள. உங்கண்ணன்கிட்ட நான் எங்கேன்னு யாராவது கேட்டா, 'தெரு சுத்தப் போயிருக்கா'ங்கிறாரு. ஒரு காகிதத்துல என் பேரு வரட்டுமேடி. வெறுங்காகிதமாவே இருந்துட்டுப் போகட்டும்."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, தான் அதை விளையாட்டுக்குச் சொன்னதாக விளக்கம் கொடுத்தான். நாங்கள் இரண்டு பேரும் அவனை முறைத்தோம். இன்றைக்கு எங்களுக்குள் ஒற்றுமை அது ஒன்றில்தான்.

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

ஜூன் 13

அண்ணியோடு பேசவில்லை. அவளும்தான்.

ஜூன் 20

நினைத்தது நடந்தது. சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து தெருக்களைப் பிரித்துக் கொடுப்பதில் கார்டு உள்ளவர்களுக்கு முன்னுரிமை. மற்றவர்கள் 'உதவியாளர்கள்' — சொந்தமாகத் தெரு கிடையாது, கார்டுக்காரர் பின்னால் பை தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது கட்டாயம்தானே என்று சுற்றறிக்கையிடம் கேட்டேன். இல்லையாம், முன்னுரிமையாம். புலி கடிக்காது, பசித்தால் சாப்பிடும் — அவ்வளவுதான்!

சாயங்காலத்துக்குள் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் என்னோடு சேர்ந்து கத்தியவர்கள் எல்லாம் வராத பேருந்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன. எனக்கு இருப்பது வாய் மட்டும்.

நான் கொடுக்கவில்லை. வீம்புதான். இருக்கட்டும்.

ஜூன் 27

அண்ணி தேறவில்லை.

வந்ததும் வராததுமாகப் பாத்திரங்களை எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். சுத்தமான பாத்திரங்கள். நான்தான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தது போதும் என்று தோன்றியது.

செய்முறைத் தேர்வுக்கு நிலையத்தின் மாடியில் திரை கட்டி மாதிரி வீடு ஒன்று. தட்டுவதற்கு ஒரு கதவு, ஒரு கட்டில். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி டிபி நோயாளியாக நடித்தாள். மதிப்பீடு செய்ய வந்தவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டுவிட்டாள்.

பாவம் அந்தப் பெண். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லை. முழித்துவிட்டுத் தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினாள். அண்ணி அதையும் வாங்கிக் குடித்தாள். மதிப்பீட்டாளர் அதோடு பேனாவை மூடிவிட்டாராம். நோய் உள்ள வீட்டில் உண்ணவோ பருகவோ கூடாது என்பது முதல் விதி. அதை மீறினால் மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் தோல்விதான்.

"நடிப்புன்னு தெரியாதா அண்ணி?"

"தெரியும்டி. கதவைத் திறந்தாங்களா, வாய் தானா கேட்டுருச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. அண்ணன் இன்றைக்கு எதையும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 28

சுற்றறிக்கையிடம் சண்டைக்குப் போனேன். தம்ளரால் பரவாது என்று உங்கள் புத்தகமே சொல்கிறது, பிறகு எதற்கு இந்த விதி என்றேன். உங்கள் பாதுகாப்புக்குத்தான், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். போன வருஷம் எங்களில் ஒருத்திக்கு அந்த நோயே வந்தது. அப்போது யார் பதில் சொன்னார்கள் என்று கேட்டேன்.

மேசை மேலிருந்த பதிவேட்டை மூடினார். பிறகு மெதுவாக, "அடுத்த சுற்று எங்களுக்கும்மா. மேற்பார்வையாளருங்களுக்கும் பரீட்சையாம். நான் படிப்ப விட்டு எத்தனை வருஷமாச்சு. கட்டாயம் இல்லன்னுதான் எங்ககிட்டயும் சொல்றாங்க" என்றார்.

ஒரு 'மேற்படி'கூட இல்லாமல் அவர் பேசி இன்றுதான் கேட்டேன். சே. கத்துவதற்கென்று வந்த இடத்தில் ஆள் மாறிப்போனால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜூலை 2

என் தெரு, அண்ணி தெரு இரண்டும் கைமாறிவிட்டன. வேறு நிலையத்திலிருந்து வந்த, கார்டு வாங்கிய ஒரு பெண்ணுக்கு. கெட்டவள் இல்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறாள். தையல்காரர் வீட்டு வாசலில் தள்ளி நின்று, தன் பெயரைச் சொல்லி, காசநோய்த் திட்டத்திலிருந்து வருவதாகத் தெளிவான குரலில் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கும் தெளிவாகவே கேட்டிருக்கிறது.

தைக்கக் கொடுத்த துணியை இரண்டு பேர் வந்து திரும்ப வாங்கிப் போனார்களாம்.

ஜூலை 5

பொறுக்க முடியாமல் போனேன். என்னை உதவியாளராக வேறு தெருவில் போட்டிருக்கிறார்கள், அந்தத் தெருவில் எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். சன்னல் சாத்தியிருந்தது. கதவு விரல் அளவு திறந்தது. அவர் மனைவி. மாத்திரையை மூன்று நாளாகத் தொடவே இல்லையாம். உள்ளேயிருந்து அவர் குரல் —

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல."

என்னிடம்! என்னைத் தங்கச்சி என்றவர்! தண்ணீர் கேட்க வாயெடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

அந்த மாத்திரை பாதியில் நின்றால் நோய் முரடாகித் திரும்பி வரும். அப்போது இந்த மருந்து கேட்காது. இதை எந்தத் தேர்வில் எழுதுவது? யாரிடம் மதிப்பெண் வாங்குவது?

வழியெல்லாம் அழுதேன். கோபத்தில் வந்த அழுகைதான். வேறொன்றும் இல்லை.

ஜூலை 9

மறுதேர்வில் அண்ணி தேறிவிட்டாள்.

தண்ணீர் கேட்கவில்லையா என்றேன். "நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்" என்றாள். சான்றிதழை மடியில் வைத்து, தன் பெயரை ஒரு தரம் விரலால் தடவினாள். அண்ணன் அதை வாங்கிப் பக்கத்து வீடுகளில் காட்டப் போனான். எல்லாம் பிரமாதம். எனக்கு மட்டும் ஒரு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

வேறு நிலையத்துப் பெண் திரும்பிப் போகிறாள், எங்கள் இரண்டு பேர் தெருவும் இனி அண்ணிக்கு. நான் அவளுடைய உதவியாளர். தையல்காரர் கதவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, கார்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஜூலை 10

புதிதாகக் கார்டு வாங்கியவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க முதல் வாரம் மதிப்பீட்டாளரும் கூட வருவார். வந்தார், கையில் பேனாவோடு. வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் அண்ணி நேரே தையல்காரர் வீட்டுக்கு நடந்தாள்.

கதவு திறந்தது, அதே விரல் அளவு. அண்ணி வாயைத் திறந்து மூடினாள். கழுத்தில் கார்டு, பின்னால் மதிப்பீட்டாளர். தையல்காரர் மனைவி எங்களையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். கதவு மெல்ல நகர ஆரம்பித்தது.

அண்ணி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "கார்டு எங்கிட்ட இருக்கு. தாகம் உனக்கு இருக்கட்டும்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. முன்னால் போனேன். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க. செம வெயில்."

கதவு நின்றது. பிறகு திறந்தது. தம்ளர் பழையபடி சன்னல் திட்டில், கவிழ்ந்து. "அதுலயே குடுங்க" என்றேன். மதிப்பீட்டாளர் வாசலில் இருந்தபடியே ஏதோ எழுதப் போனார். அண்ணி மிகவும் பணிவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "அவ வெறும் உதவியாளர், சார். சான்றிதழ் இல்லாதவ. அவளுக்கு இந்த விதியெல்லாம் எழுதலையே."

எழுதத் தூக்கிய பேனா அப்படியே நின்றது.

தையல்காரர் என்னைப் பார்க்காமல் மாத்திரையை விழுங்கினார். மாத்திரையை விட்டதால் திரும்பச் சளிப் பரிசோதனை எடுக்க வேண்டும். வருவதாகச் சொன்னார். கிண்டல் எதுவும் இல்லை.

ஜூலை 18

பணியாளர் தேர்வுக்கு மறுபடியும் பெயர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அண்ணியும் கொடு என்று சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது கார்டை அவள் மாட்டிக்கொள்கிறாள், பையை நான் எடுத்துக்கொள்கிறேன். வாசலில் யாராவது கார்டு கேட்டால் அவள் முன்னால் நிற்கிறாள். கதவு திறந்ததும் நான் முன்னால் போகிறேன்.

இரண்டு பேருடைய தெருக்களும் நடந்தாயிற்று. வயிறு குடம்போல் இருக்கிறது.

தையல்காரர் வீட்டில் தம்ளர் இன்னும் சன்னல் திட்டில்தான். நாளைக்கும் அதில்தான் கேட்க வேண்டும்.