கண்ணாடி முன் சொன்ன பதில்

புதன்கிழமை, இரவு

அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் மைன்ஸிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலை வரை தூங்குவார். அந்த வாரங்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் பகலில் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. தன்னம்பிக்கை வர வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று சத்தமாகப் பேசிப் பழகச் சொன்னது ஒரு வீடியோ. மூன்று நாளாகப் பகலில் அதைத்தான் செய்தேன். அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மெச்சிப் பார்க்கிறாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

இன்று வேலைக்குக் கிளம்பும்போது, வண்டியில் உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னார்.

"உன் பலம் என்னன்னு கேட்டா ஒரு பதில் சொல்றியே, அது நல்லா வருதும்மா. முதல் நாள் திக்கிக்கினே இருந்த. இன்னைக்குத் திக்கல."

அவர் கண் சிவந்திருந்தது.

"மூணு நாளா தூங்கலியாப்பா?"

"அதெல்லாம் ஞாயித்துக்கிழமை தூங்கிக்கலாம். நீ நல்லா சொல்லு."

இந்நேரம் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். அங்கே கண் அசந்தால்... வேண்டாம், அதை எழுதவில்லை.

நாளை மைதானத்துக்குப் போய்ப் பழகிக்கொள்கிறேன்.

அவர் பாராட்டிய பதில் நோட்டில் இப்படி இருக்கிறது: 'அடுத்தவர்களின் சிரமத்தை அவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வேன்.'

அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.