பட்டனைத் தொட்டால் ஓடும் விலை

ஜூலை 7, திங்கள்

மகள் பிந்துவின் நர்சிங் கல்லூரிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்ட வேண்டும். இருபத்தொன்றாம் தேதி கடைசி. அதற்கென்றே ஆயிரம் பங்கு வைத்திருந்தேன். சின்னக் கம்பெனி, விற்கப் போனால் ஆள் கிடைக்காது. அதனால்தான் எப்போதும் ஒரு விலை சொல்லி வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனத்தை நியமித்திருக்கிறார்கள். மார்க்கெட் மேக்கர் என்று பெயர். காலையில் திரையில் பங்குக்கு 110, ஆயிரத்தையும் வாங்கிக்கொள்வதாக. விளக்கேற்றிவிட்டு விற்கப் போட்டேன். விலை மாயம்! மறு நிமிடம் 104 என்று வந்து நிற்கிறது.

ஜூலை 8

104க்குப் போட்டேன். ஓடிப்போய் 99.

ஜூலை 9

திருமுல்கேரி புரோக்கர் ஆபீஸுக்கே போனேன். மனோஜ் சிரிக்கிறான். "அது சும்மா கோட், காட்டுற விலைதான் ஆன்ட்டி. டென்ஷன் நக்கோ."

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாம்? வாங்க மனசில்லேன்னா விலை எதுக்குப்பா சொல்றாங்க?"

"இதென்ன காய்கறிக் கடையா?"

காய்கறிக்காரன் விலை சொல்லி, நான் பையைத் திறந்ததும் கூடையை மூடினால் தெருவே கூடிவிடாதா? ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் புகார் எழுதினேன். இவர் வேறு, "விடு கிரிஜா" என்கிறார். விடுவதாம்!

ஜூலை 14

தெருவெல்லாம் போனாலு அம்மன் திருவிழா மேளம். இனியும் காத்திருக்க முடியாது. 80க்குப் போட்டேன், உடனே எடுத்துக்கொண்டார்கள். அடிமாட்டு விலைக்கு மட்டும் வாக்குத் தவறாத உத்தமர்கள்! முப்பதாயிரம் துண்டு விழுகிறது.

ஜூலை 15

ஸ்கூட்டியை விற்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கேட்டாள். "இருபத்தாறுதான் முடியும்க்கா. சனிக்கிழமை தர்றேன்." சரி, உனக்குத்தான் என்றேன்.

ஜூலை 17

லோத்குண்டாவிலிருந்து பூபாலன் என்று ஒருவர், ஸ்கூட்டி கேட்டு. கையில் முப்பதாயிரம். சரியாக முப்பதாயிரம்! பக்கத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"அந்தம்மா அட்வான்ஸ் குடுத்தாங்களா?"

இல்லை.

"அப்புறம் என்னங்க?"

பிந்து உள்ளேயிருந்து, "இச்செய் அம்மா, கொடுத்துடு" என்கிறாள். சாவி என் கையில். ஸ்டெல்லாவுக்கு இன்னும் தெரியாது. அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எதற்குப் போட்டேன்? முடியாது என்று சொல்ல வாய் வரவில்லையா? முருகா — திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் இப்படித்தான் கை அரிக்குமோ?

ஜூலை 21

கட்டணம் கட்டியாயிற்று.

வரவு: ஸ்கூட்டி, ஸ்டெல்லாவிடம், 26,000.

கைமாற்று: பழனிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது, 4,000. கற்பூரம் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். தைப்பூசத்துக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

புகாருக்குப் பதில் வந்தது: தொழில்நுட்பக் கோளாறு, முடித்து வைக்கப்பட்டது.

வாசலில் ஸ்டெல்லா ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறாள். இரண்டாவது புகார் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.