மாட்டுங்கா தெருவில் அடாணா

நேற்று சாயங்காலம் பக்கத்து பிளாட்டுப் பெண் ஒரு கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் அவள் தங்கைக்குக் கல்யாணம். மண்டபத்திலிருந்து பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்படும்போது போடுவதற்கென்று பாட்டுகள் சேர்த்திருக்கிறாளாம். "கேட்டுட்டுச் சொல்லுங்கோ மாமி. எல்லாரும் அழணும், அப்படி இருக்கணும்" என்றாள். மூன்று பாட்டுக் கேட்டேன். மூன்றும் மூக்கைச் சிந்த வைக்கிற பாட்டு. நாலாவது ஆரம்பிப்பதற்குள் உன் நினைவு வந்துவிட்டது. அப்புறம் எதுவும் காதில் விழவில்லை.

நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. உன் பிள்ளை போனில் சொன்னபோது நான் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், இவள் எனக்குச் சிநேகிதியாக இருந்தாளே என்ற கர்வம்தான் மனசு முழுக்க. அதை இந்தச் செம்பூரில் யாரிடம் சொல்வது? உனக்கே எழுதுகிறேன்.

நாம் முதலில் பேசிக்கொண்டது ரேஷன் கடை வரிசையில். யுத்த காலத்துப் பம்பாய். அரிசிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவே தெருவில் நின்ற நாட்கள். எனக்கு முன்னால் நின்ற நீ வாய்க்குள்ளேயே எதையோ முனகிக்கொண்டிருந்தாய். "நாட்டக்குறிஞ்சியா?" என்று கேட்டேன். திருடி அகப்பட்டவள் மாதிரி திரும்பிப் பார்த்தாய். "வெளியிலே கேட்கறதா என்ன?" என்றாய் பதறிப்போய். அப்புறம்தான் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நீ மேடையில் பாடியவள். புகுந்த வீட்டில் பூஜை அறைக்குள் மட்டும் பாடலாம் என்று உத்தரவு. நம் வீட்டு மாட்டுப்பெண் நாலு பேர் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது என்று உன் மாமியார் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். நீயும் சரி என்று தலையாட்டிவிட்டாய்.

என் கதை உனக்குத் தெரியும். பதினைந்து வயதில் கல்யாணம், அதே வருஷம் கட்டினவருக்கு விஷக்காய்ச்சல், அவ்வளவுதான். அம்மா இல்லாத வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்பா நல்லவர். தலையை மழிக்க விடவில்லை, மெட்ரிக் படிக்க வைத்தார், டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள அனுப்பினார், கோட்டைப் பகுதியில் வேலைக்குப் போகவும் சம்மதித்தார். ஆனால் ஆபீசில் படம் வரையும் பிரிவிலிருந்த ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார் என்று சொன்ன அன்று அப்பாவின் நல்லதனம் தீர்ந்துபோனது. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"தடுக்கலை. வரவும் மாட்டேன். உனக்குப் பின்னாலே ஒருத்தி இருக்கா, அவளுக்கு வரன் பார்த்தாகணும். ஆரவாரம் இல்லாம போயிடு. தெருவுக்குத் தெரிய வேண்டாம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆகியிருந்தது. காலையில் கிங் சர்க்கிள் பக்கம் அவர் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் முன்னால் தாலி. சாயங்காலம் ஒரு குதிரை வண்டி பிடித்துத் தாதர் ஸ்டேஷன். நாக்பூர் வண்டி. முடிந்தது. இந்தத் திட்டத்தை உன்னிடம் சொன்னபோது நீ கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாய். கையை நிறுத்தினாய்.

"வண்டிக்குத் திரை போட்டுப்பியா?"

"எதுக்கு?"

"இல்லே, யாரையாவது கொன்னுட்டு ஓடறவ மாதிரி போறியே, அதான் கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன, நீ சுமங்கலி, நீ பேசுவாய் என்று என்னவெல்லாமோ சொன்னேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல் தடவை உன்னைக் கேட்காமலே பெரிசா மேளம் கொட்டி அனுப்பினா. இப்போ நீயா இஷ்டப்பட்டுப் போறே. இதுக்கு மேளம் கிடையாதா?" என்றாய். 

அக்கம்பக்கத்தில் எல்லாக் கல்யாணங்களுக்கும் வாசிக்கிற நாயனக்காரரிடம் முதலில் போனாய். விஷயத்தைக் கேட்டதும் அவர் மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுக்கு வாசிச்சேன்னா அடுத்த முகூர்த்தத்துக்கு என்னை யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா." அவரைக் குறை சொல்ல முடியுமா? நான் அத்தோடு விட்டுவிடலாம் என்றேன். நீ மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு தாராவிக்கு நடந்தாய். அங்கே மாரியம்மன் கொடை விழாவில் ஒருவர் வாசித்ததை உன் வீட்டுக்காரர் கேட்டிருந்தாராம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பகலில் ஒரு பட்டறையில் வேலை என்பது வரைதான் தெரியும். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். அவர் கையெல்லாம் மசியோடு வெளியே வந்தார்.

"யாருக்குத் தாயி கல்யாணம்?"

"இவளுக்குத்தான்" என்று என்னைக் காட்டினாய். "ரெண்டாவது கல்யாணம். முதல் ஆம்படையான் போய் ஒன்பது வருஷம் ஆறது. இப்பவே சொல்லிட்டேன். அப்புறமா தெரிஞ்சுண்டு பாதியிலே விட்டுட்டுப் போகப்படாது."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "எந் தங்கச்சி ஊருல இருக்கா" என்றார் மெதுவாக. "இருவது வயசுல தாலியறுத்து மூலையில உக்காந்தவ. இப்ப முப்பத்திரண்டு." அப்புறம் ஒரு கந்தையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ன வாசிக்கணும், சொல்லுங்க" என்றார்.

அந்த இடத்தை நான் மறக்கவே மாட்டேன். சுற்றிலும் தகரக் கூரைகள், தோல் ஊறுகிற நாற்றம், சுத்தியல் சத்தம். நடுவில் நின்றுகொண்டு நீங்கள் இரண்டு பேரும் ராகம் பேசினீர்கள். தாலி கட்டும்போது ஆனந்தபைரவி, அதில் பேச்சே இல்லை. புறப்பாட்டுக்குத்தான் சண்டை.

"பொண்ணு பொறப்படையில மெதுவாத்தான் வாசிக்கது. கேக்கவங்க கண்ணு கலங்கணும்லா?"

"இவ கலங்கினது போறும். இனிமே ஒரு சொட்டு வேண்டாம். முகாரி வாசிச்சேள்னா நானே வந்து உங்க வாய்லேர்ந்து சீவாளியைப் பிடுங்கிடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். மோகனம் என்றார். அழகாக இருக்கும், ஆனால் எல்லாரும் வாசிப்பது என்றாய். கேதாரகௌளை என்றார். யோசித்துவிட்டு வேண்டாம் என்றாய். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உதட்டைக்கூடச் சரியாகப் பிரிக்காமல் ஒரு பிடி முனகிக் காட்டினாய். அவர் புருவம் உயர்ந்தது.

"அடாணா."

"ஆமா. தலையை நிமிர்த்திண்டு நடக்கணும். அதுக்கு அதுதான் சரி."

"சரி தாயி. ஆனா ஒண்ணு. ஆரம்பிச்சா ரயில் நகருற வரைக்கும் வாசிப்பேன். யாரு வந்து சொன்னாலும் பாதியில நிப்பாட்டச் சொல்லப்பிடாது. வாக்கு கொடுங்க."

"வாக்கு. பாதியிலே நிக்காது" என்றாய்.

அந்த நாளும் வந்தது. காலையில் ஆனந்தபைரவியோடு தாலி ஏறியது. சாயங்காலம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். நாயனம், தவில், சுருதிக்கு ஒத்து என்று மூன்று பேரும் வெளுத்த வேட்டியில் முன்னால் போனார்கள். பின்னால் அவரும் நானும். என் வலது கைப்பக்கம் நீ. பின்னால் என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரர். அந்தச் சாது மனுஷர் அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்ததே உன் மாமியாருக்குத் தெரியாது.

எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும் என்று நீ முன்பே முடிவுசெய்திருந்தாய். திருப்பத்துக்கு வந்தோம். அடாணா உரத்து எழுந்தது. ஜன்னல்கள் திறந்தன. பார்த்துவிட்டுச் சில ஜன்னல்கள் மூடின. எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு மாமா வேகமாக இறங்கி வந்து குறுக்கே நின்றார். "என்ன கூத்து இது? கௌரவமானவா குடியிருக்கற தெரு. நிறுத்தச் சொல்லு" என்று உன்னைப் பார்த்துக் கத்தினார். உன் மாமியாருக்கு உறவுக்காரர். அவர் மூலம் வீட்டுக்கு என்ன போகும் என்று உனக்குத் தெரியும். நீ பதற்றமே இல்லாமல், "கல்யாண ஊர்வலம், மாமா. நீங்களும் ரெண்டு அடி கூட வாங்கோளேன்" என்றாய். தவில்காரர் அந்தச் சமயம் பார்த்து ஒரு உருட்டு உருட்டினார். மாமா ஒதுங்கிவிட்டார்.

எங்கள் வீட்டு ஜன்னல் மூடித்தான் இருந்தது. நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்து, "நட" என்றாய். நடந்தேன். ஐம்பது அடி போயிருப்போம். "திரும்பாதே. எதிர்ப்பக்க நடைபாதையைக் கண்ணாலே மட்டும் பாரு" என்றாய்.

அப்பா. சட்டைகூடப் போடவில்லை, மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்துகொண்டிருந்தார். ஊர்வலத்தில் சேரவுமில்லை, விட்டுப் பிரியவுமில்லை. நாங்கள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். கடைவீதியில் கூட்டத்தில் மறைந்து மறைந்து மறுபடி தெரிந்தார். தாதர் வரைக்கும் இப்படியே வந்தார்.

பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் ஒரு ரயில்வே ஊழியர் ஓடிவந்தார். பக்கத்துத் தடத்தில் அடிபட்ட சிப்பாய்களை ஏற்றிய வண்டி நின்றிருந்தது. மேளம் வேண்டாம் என்று இந்தியில் தன்மையாகத்தான் கேட்டுக்கொண்டார். அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? நாயனக்காரர் வாத்தியத்தை இறக்கினார். "இதுக்கு நிப்பாட்டித்தான் ஆகணும் தாயி" என்றார். ஆனால் முகம் வாடிவிட்டது. வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது.

நாங்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எனக்கு வாத்தியம் நின்றதே நல்லதென்று பட்டது, அழுகையை அடக்க வேண்டியதில்லையே என்று. அப்போது நீ ஜன்னல் பக்கம் வந்து நின்றாய். அந்த உறவுக்கார மாமாவும் பின்னாலேயே வந்து தூணோரம் நின்றிருந்ததை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாய். பாட ஆரம்பித்தாய்.

உரக்கப் பாடவில்லை. பக்கத்து வண்டியில் படுத்திருந்தவர்களுக்கு உறுத்தாத குரல். ஆனால் வாயை நன்றாகத் திறந்து பாடினாய். நாயனம் விட்ட இடத்திலிருந்து, சாகித்யம் இல்லாமல், வெறும் அகாரத்தில் அடாணா. ஆறு வருஷமாகப் பூஜை அறையில் அடைபட்டிருந்த குரல் தாதர் பிளாட்பாரத்தில், கூலிக்காரர்களும் சாயாக்காரர்களும் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து எழுந்தது. தாராவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். நான் அழவில்லை. சத்தியமாக அழவில்லை. முதுகை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அவருக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. நீ மூச்சு வாங்க நிறுத்தியபோது உன்னைத்தான் கேட்டார்: "என்ன ராகம்மா இது?"

"அடாணா, மாமா."

"அடாணா" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் தலையில் வைத்தார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நாக்பூர்லே வெய்யில் ஜாஸ்தி. இவளுக்குத் தாங்காது, பார்த்துக்கோங்கோ" என்றார். வண்டி நகர்ந்தது. நீ பாடிக்கொண்டே இருந்தாய். கொடுத்த வாக்கை அப்படிக் காப்பாற்றினாய்.

அதற்கு நீ பட்டது எனக்குக் கடிதத்தில்தான் தெரிந்தது. நீ வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டதாம். உன் மாமியார் பத்து நாள் உன்னோடு பேசவில்லை, நீ தொட்ட தண்ணீரைக் குடிக்கவில்லை. "பதினோராம் நாள் பூஜை அறைக்கு வந்து உட்கார்ந்தார்" என்று எழுதியிருந்தாய். "'ஊரெல்லாம் கேட்டுதாமே. நான் மட்டும்தான் கேட்கலை. பாடு' என்றார். கதவைச் சாத்தப் போனேன். 'திறந்தே இருக்கட்டும்' என்றார்." அந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

அப்பா பயந்தது வீணாகவும் போகவில்லை. தங்கைக்கு வந்த இரண்டு இடங்கள் என் பெயரைக் கேட்டதும் திரும்பிவிட்டன. நாலு வருஷம் கழித்துத்தான் ஒரு நல்ல இடம் அமைந்தது. அம்மா இல்லாததால் என்னையும் என் வீட்டுக்காரரையும் மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்து கொடுக்கச் சொன்னார்கள் சம்பந்தி வீட்டார். அந்தக் கல்யாணத்துக்கு நாயனக்காரரை அழைக்க அப்பா யாரையும் அனுப்பவில்லை. தானே தாராவிக்குப் போய் வந்தார்.

உன்னிடம் எத்தனையோ தடவை சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாக்பூரில் குடிபுகுந்த முதல் வாரம் எதிர்வீட்டு அம்மாள் வந்து, கல்யாணம் எங்கே, எப்படி என்று துருவினார். "எனக்கு இது ரெண்டாவது கல்யாணம். மாட்டுங்காவிலேர்ந்து தாதர் வரைக்கும் மேளதாளத்தோட நடந்து வந்தோம்" என்றேன். குரல் தாழவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூட விண்ணப்பமோ, வேலைக்கான நேர்காணலோ, வம்பு கேட்கும் உறவோ, எங்கேயும் அதைத் தாழ்ந்த குரலில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் முழுக் கதையையும் சொன்னேன். கண்ணை அகல விரித்துக் கேட்டாள். "அத்தனை பேர் பார்க்கறச்சே தெருவிலே நடந்தியே, உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருந்தது" என்றேன். "ஆனா எனக்கு வலது கைப்பக்கம் ஒருத்தி நடந்து வந்தா."