அடுத்ததுக்கு ஒரு பெயர்

வியாழன் இரவு. தூக்கம் வரவில்லை.

ஐந்தரை மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகள் இன்னும் இன்குபேட்டரில்தான் கிடக்கிறாள். அட்டையில் ‘கவிதாவின் குழந்தை’ என்று மட்டும் போட்டிருக்கிறது. இன்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி, “பேரு என்னாம்மா? எழுதி ஒட்டிடுறேன்” என்று கேட்டார். யாழினி என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணத்துக்கு முன்பே பட்டர்வொர்த் ஃபெர்ரியில் வைத்து நானும் என் கணவரும் முடிவு செய்த பெயர் அது.

கூட நின்ற கணவர் என்னை வெளியே கூட்டிப் போனார்.

“அந்தப் பேரு இதுக்கு வேணாம்லா, கவி. பிழைச்சு வீட்டுக்கு வந்தா வைப்போம். இல்லாட்டி அடுத்ததுக்கு வேணும்ல?”

அன்பாகத்தான் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஜுருவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்ததாம். இவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே.

உள்ளே போய்ப் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்தேன். பெயர் வைக்கும் சடங்கில் செய்வதுபோல அவள் காதருகே மூன்று முறை பெயரைச் சொன்னேன். மூன்றாவது முறை மெஷின் கத்தியது. அவள் நீலம் பாரித்துப் போனாள். மிஸ்ஸி ஓடி வந்து, “சத்தம் ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது?” என்று என்னைத் தள்ளி நிறுத்தினார். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது.

ஆசையில் சொன்னேனா, ஆத்திரத்தில் சொன்னேனா, தெரியவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கணவர் என் பக்கத்தில் குறட்டை விடுகிறார். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெயரை இவளுக்கே வைத்தாயிற்று. அடுத்ததுக்கு வேறு தேடிக்கொள்ளட்டும்.